நோன்பு ஏலத்தில் ஒரு பிள்ளை விலை கேட்டால் பெரியவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

வளவுக்காரி:
வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். இந்த மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்குப் போயிருந்தோம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கூடுகிற நகர விடுதியில் எல்லாரும் சேர்ந்து இழை எடுத்து, அதாவது நூல்திரிச் சுடரோடு மாவுப் பிள்ளையாரை வாயில் போட்டு முடித்ததும், வழக்கம்போல ஏலம். செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோன்பில் வைத்த மங்கலப் பொருட்களை, உப்பு, மஞ்சள், தேங்காய், எலுமிச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். கடையில் சில்லறைக் காசுக்கு வாங்குகிற உப்பு அங்கே ஆயிரக்கணக்கில் போகும். பணம் பொதுக் காரியத்துக்கு. எடுத்த வீடு அந்த வருடம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை.

என் மகளுக்கு ஒன்பது வயது. முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். உப்பு ஆயிரத்து ஐந்நூற்றைம்பதில் வந்து நின்றது. "ஒருதரம்" என்று ஏலம் விடுகிறவர் சொன்னதும் இவள் எழுந்து நின்று "ஆயிரத்து அறுநூறு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். ஏலம் விட்ட ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "யார் கேள்வி? விலாசம் சொல்லுங்க" என்றார், மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில். ஏலத்தில் கேள்வி என்றால் கேட்ட விலை; விலாசம் என்றால் முகவரி இல்லை, வீட்டை அடையாளம் சொல்லும் பெயரெழுத்துகள். இவள் எங்கள் வீட்டு விலாசத்தைச் சரியாகச் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, "கேள்வி ஆயிரத்து அறுநூறு, ஒருதரம்" என்றார்.

அதுவரை போட்டி போட்ட இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார்கள். "பிள்ளை எடுத்துக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அப்போது தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் "ஆயிரத்து எழுநூறு" என்றார். இவள் "ஆயிரத்து எழுநூற்றைம்பது". அவர் "ஆயிரத்து எண்ணூறு". இவள் உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று தரம் சொல்லி உப்பு அவருக்குப் போனது.

பெண்கள் பக்கத்தில் ஒரே முணுமுணுப்பு. "நண்டுஞ்சிண்டுமா இருக்கிற பிள்ளைகிட்டயா போட்டி போடுறது?" என்று என் மாமியார் அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் "அவுக கேட்டாக, நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகள் அழவில்லை. காரில் ஏறியதும் "அந்த ஐயா எவ்வளவு வரைக்கும் போயிருப்பாங்க?" என்று கேட்டாள், அவ்வளவுதான். உள்ளங்கையில் நீலப் பேனாவால் 1780 என்று எழுதியிருந்தது. உண்டியல் டப்பாவில் இருந்த மொத்தப் பணம். காலையிலேயே எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது.

மாமியார் பெரியவர்மேல் கோபமாக இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர், பிள்ளையின் கேள்வியை ஏற்றுக்கொண்டதே தப்பு என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேவகோட்டையான்:
அந்தப் பெரியவர் செய்தது சரியில்லை. பொதுக் காரியத்துக்கு இருநூறு ரூபாய் கூடக் கிடைத்து என்ன ஆகிவிடப்போகிறது? பிள்ளை ஆசையாய்க் கேட்டது. விட்டிருந்தால் ஆயுசுக்கும் நினைவில் வைத்திருக்கும்.

செம்மண்:
இப்போது மட்டும் மறந்துவிடுமா என்ன?

பெட்டியடி:
எனக்கு வயது எழுபதுக்கு மேல். எங்கள் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனது மீசை முளைக்காத வயதில். வட்டிக்கடைகள் இருந்த கட்டடமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வட்டிக்கடையில் மேலே ஏஜெண்டு, அவருக்கு அடுத்து அடுத்தாள், அதற்குக் கீழேதான் பெட்டியடி. சாய்வு மேசைப் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும், பணம் எண்ண வேண்டும், வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கு என்பது மூன்று வருடம், அது முடிந்தால்தான் ஊர் திரும்பலாம்.

சாயந்தரம் இருப்புக் கணக்கில் அரையணா உதைத்தால் (குறைந்தால்) அடுத்தாள் "சின்னப் பையன்தானே" என்று தன் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டமாட்டார். அந்த அரையணா எங்கே போனது என்று கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது, அடுத்தாளுக்கும் சேர்த்து. ஐயா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "என்னால நாலு பேரு பட்டினி கெடக்குறாகன்னா நானும் ஒரு ஆளுதானே" என்பார்கள்.

பெரியவர் அந்தப் பிள்ளையோடு போட்டி போட்டது அதைப்போலத்தான். விட்டுக்கொடுத்தவர்கள்தான் அவளை ஆளாக மதிக்கவில்லை என்பேன்.

இரண்டாங்கட்டு:
பெட்டியடி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனை ஆத்தாளிடமிருந்து பிரித்துக் கப்பலேற்றி, மூன்று வருடம் வேலை வாங்கியதை மதிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை தெரிந்தது, கணக்கு வந்தது, சரி. அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. கப்பலேறினது பையன்கள். பொம்பளைப் பிள்ளை? என் அப்பத்தா சொல்லியிருக்கிறார்கள், பட்டாலைக் கூடத்தில் நாலு ஆம்பளை உட்கார்ந்து பேசினால் இவர்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டைத் தாண்டக்கூடாதாம். சொத்துப் பிரித்ததும், சீர் பேசினதும், பிள்ளை கூட்டினதும் (தத்தெடுத்ததும்) எல்லாம் கதவிடுக்கில் கேட்டுத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒன்பது வயதுப் பெண் எழுந்து நின்று விலாசத்தைச் சொல்லி விலை கேட்டிருக்கிறாள். அதையும் ஒரு ஐயா "ஒருதரம்" என்று கூவியிருக்கிறார். எனக்கு அந்த உப்பு யாருக்குப் போனது என்பதே பெரிதாகப் படவில்லை.

தேவகோட்டையான்:
அப்படியானால் ஏலம் விட்டவரைப் பாராட்டுங்கள். போட்டி போட்டவரை எதற்குப் பாராட்ட வேண்டும்?

சட்டப்படி:
எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், நான் கொஞ்சம் வறட்டுத்தனமாகப் பேசுகிறேன். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி கிடையாது. 1903-இல் மொகரி பீபி வழக்கில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போய், மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் மகள் கேட்ட 1,600-ம் 1,750-ம் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை. பெரியவர் இல்லாத கேள்விக்கு எதிராக விலையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். 1,551 சொல்லியிருந்தாலே உப்பு அவருடையது.

இன்னொன்று. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவு: ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். மூணுதரம் சொல்லும்வரை யாரும் கட்டுப்பட்டவர் இல்லை.

செம்மண்:
வக்கீல் சார், பிள்ளை டப்பாப் பணத்தை முழுசாகக் கொண்டுவந்து கட்டிவிட்டால்? அப்போதும் உப்பு கிடையாதா?

சட்டப்படி:
நல்ல கேள்வி. மைனர் தன் பங்கை முழுதும் செலுத்திவிட்டால் நிலைமை மாறும். 1916-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒரு அடமான வழக்கில், மைனர் பணத்தை முழுதாகக் கொடுத்திருந்தால் அவர் பெயரில் எழுதிய அடமானம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் பிள்ளையைக் கடனில் மாட்டவிடாமல் காக்கிறது, கிடைக்கவேண்டியதைத் தட்டிப்பறிக்கவில்லை. ரொக்கம் கொடுத்து எடுத்திருந்தால் நான் உங்கள் மகள் பக்கம்.

சிக்ரி சாலை:
1989-இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. அதன் 12-ஆம் பிரிவு, குழந்தையைப் பாதிக்கிற விஷயங்களில் அதன் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரவேண்டும் என்கிறது.

செம்மண்:
ஒரு பொட்டலம் உப்புக்கு ஐ.நா.வையே கூட்டிவந்துவிட்டீர்கள்.

ஆவாரம்பூ:
எனக்கு இதில் வேறொரு வேடிக்கை தெரிகிறது. நம் கணக்கில் ஆள் என்றால் யார்? கோயில் வரிக்கும் ஊர்க் காரியத்துக்கும் புள்ளிக் கணக்குத்தான். கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. முப்பத்தைந்து வயதில் வேலையில் இருக்கிற, கல்யாணம் ஆகாத என் தம்பி இன்றைக்கும் எந்த நோட்டிலும் இல்லை. கூட்டத்தில் அவன் வாயைத் திறந்தால் "அப்பச்சி வரலையா?" என்று அப்பாவைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் அதே பிள்ளையார் நோன்பில் பாருங்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற நேரம். கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலைத் திரியாக்கி, மாவில் பிள்ளையார் பிடித்து, நெய்யிட்டுச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். வீட்டுப் பெரியவர் இழை கொடுக்கும்போது இது சின்னது, அது பெரியது என்று பார்ப்பதில்லை. கைப்பிள்ளைக்கும் உண்டு. என் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) மாசமாக இருந்தபோது வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை கொடுத்தார்கள். பிறக்காத பிள்ளைக்கு இழை உண்டு, முப்பத்தைந்து வயதுக்காரனுக்குப் புள்ளி இல்லை. இதில் ஒன்பது வயதுப் பெண்ணின் கேள்வி செல்லுமா என்று நீங்கள் சட்டப் புத்தகத்தில் தேடுகிறீர்கள்.

அரிசிமில்:
நான் நகரத்தார் இல்லை, புதுவயல்காரன். ஏலத்தைப்பற்றி அதிகம் தெரியாது, ஆனால் பிள்ளைகளைப் பெரியவர்கள் நடுவில் உட்கார வைப்பதுபற்றித் தெரியும். என் அப்பா என்னைக் காரைக்குடி கம்பன் விழாவுக்குக் கூட்டிப்போவார். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய விழா. சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம், யாருக்காகவும் காத்திருக்கமாட்டார்கள். வாலிவதம் சரியா தப்பா என்று பட்டிமண்டபத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், பாதி புரியாது. எனக்காக யாரும் எளிமையாக்கிச் சொன்னதில்லை. திரும்பும் வழியில் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே "நீ யார் பக்கம்?" என்று கேட்பார். நான் வாலி பக்கம் என்றால் அவர் ராமன் பக்கம் வாதாடுவார், வீடு வரும்வரை விடமாட்டார். ஒருநாள்கூட என்னை ஜெயிக்கவிட்டதில்லை. நான் அந்தப் பெரியவர் கட்சி.

பணியாரம்:
ஆவாரம்பூ ஆச்சி, இழை மாவில் உங்கள் வீட்டில் வெல்லமா கருப்பட்டியா? எங்கள் ஆயா வீட்டில் வெல்லம்தான் போடுவார்கள், கட்டிக்கொண்டு போன வீட்டில் கருப்பட்டி என்கிறார்கள்.

ஆவாரம்பூ:
வெல்லம். கருப்பட்டி பணியாரத்துக்கு.

நெல்பொரி:
யார் சொன்னது? எங்கள் பக்கம் கருப்பட்டிதான். பொரியும் ஐந்து வகை வைக்கவேண்டும், இப்போதெல்லாம் நெல்பொரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நெறியாளர்:
வெல்லம், கருப்பட்டி, பொரிச் சண்டைக்குச் சமையல் பகுதியில் தனியாகத் தொடங்குங்கள். இங்கே உப்பு மட்டும்.

வளவுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நடுவில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அரைப்பரீட்சை விடுமுறை என்பதால் ஊரில்தான் இருந்தோம். நோன்பு கழிந்து நாலைந்து நாளில் அந்தப் பெரியவர் வீட்டு ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உப்பில் பாதியைத் தாளில் மடித்து எடுத்துவந்து "ஐயா குடுத்துவிட்டாக" என்று மகளிடம் நீட்டினார்கள். மாமியார் முகம் உடனே மலர்ந்துவிட்டது, காப்பி போடச் சொன்னார்கள்.

மகள் வாங்கவில்லை. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து "பாதின்னா தொள்ளாயிரம்" என்று எண்ண ஆரம்பித்தாள். ஆச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா வைத்துக்கொள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அங்கேயே செல்போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர், "தொள்ளாயிரம் சரிதான். நானே அடுத்த நோன்புக்குத்தான் கட்டப்போறேன், அதுக்குள்ள குடுத்தாப் போதும்னு சொல்லு" என்றாராம். எங்கள் ஊரில் ஏலப் பணத்துக்கு ஒரு வருடத் தவணை உண்டு. மகள் ஒப்புக்கொண்டு உப்பை வாங்கிக்கொண்டாள்.

மாமியாருக்கு இப்போது இரண்டு பேர்மேலும் கோபம்.

பெட்டியடி:
வட்டி எவ்வளவு பேசினார்கள்?

வளவுக்காரி:
பேசவில்லை ஐயா. அவளுக்கு அந்த நினைப்பு வரவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

சட்டப்படி:
கடன் என்றால் மறுபடியும் செல்லாது. என் அறிவுரை, இன்றே ரொக்கமாகக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

ஒருதரம்:
இந்த விவாதத்தை இப்போதுதான் பார்த்தேன். நான் எங்கள் ஊரில் பல வருடமாக ஏலம் கூவுகிறவன், அதனால் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பிள்ளை கேட்டதால் விட்டுக்கொடுப்பது நல்ல மனசுதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு முறை விட்டுப் பாருங்கள், அடுத்த நோன்புக்குப் பாதிப் பேர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரில் இது நடந்தது. ஒருவர் ஆறு வயதுப் பையனின் காதில் தொகையைச் சொல்லிக் கூவ விட்டார். பையன் மழலையில் "ஐயாயிரத்து ஒண்ணு" என்றதும் சபை சிரித்துக் கைதட்டி அவனுக்கே விட்டது. நல்ல விலை போகவேண்டிய விளக்கு அது. தகப்பனார் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் பணம் கேட்கப் போனால் "பிள்ளை ஏதோ விளையாட்டாச் சொல்லுச்சு" என்கிறார். நான் சட்டமெல்லாம் பேசவில்லை, அந்த வருடம் அவர் கேள்வியை என் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பிள்ளை எழுந்தால் நான் முதலில் பார்ப்பது பக்கத்தில் இருக்கிற பெரியவரின் முகத்தை. அவர் பெருமையாகச் சிரித்தால் அது அவர் கேள்வி. பதறினால் அது பிள்ளையின் கேள்வி. உங்கள் ஊர் ஐயாவும் நீங்கள் பாவாடையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்திருப்பார்.

தேவகோட்டையான்:
நீங்கள் சொல்கிற ஓட்டை சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுத்துக் கேட்கவில்லையே? தன் டப்பாப் பணத்தை எண்ணி வந்து கேட்டவளுக்கும் அதே விதியா? என் மனசு இன்னும் ஆறவில்லை.

ஒருதரம்:
அவளுக்குத்தான் அந்த விதி முக்கியம் அண்ணே. யாரோ விட்டுக்கொடுத்து ஆயிரத்து அறுநூற்றுக்கு எடுத்திருந்தால், கையில் எழுதிவந்த 1780-க்கு வேலையே இல்லாமல் போயிருக்கும்.

தேவகோட்டையான்:
சரி, பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது. ஆனாலும் நான் அங்கே இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

மூணாங்கட்டு:
ஒருதரம் அண்ணே, ஒரு சந்தேகம். என் மகனுக்கு ஏழு வயது. இந்தக் கதையை வீட்டில் படித்துக் காட்டியதிலிருந்து வரும் நோன்பில் தானும் கேட்பேன் என்று நிற்கிறான். என்ன செய்யலாம்?

ஒருதரம்:
பணம் அவனுடையதா என்று முதலில் பாருங்கள். உங்கள் பணம் என்றால் நீங்களே கேளுங்கள். அவனுடையது என்றால் முன்வரிசையில் உட்கார வையுங்கள், பின்னாலிருந்து பிள்ளைக் குரல் எனக்கு எட்டாது. கையைத் தூக்கினால் போதாது, தொகையை முழுசாகச் சொல்லிப் பழகட்டும், விலாசமும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் தள்ளி உட்காருங்கள், அவன் திரும்பிப் பார்த்தால் வேறு எங்காவது பாருங்கள். ஏழு வயதுக்கு உப்பும் விளக்கும் வேண்டாம், எலுமிச்சம்பழத்தில் தொடங்கலாம். ஆனால் சில வருடம் யாராவது இரண்டு சம்பந்தி வீடு மோதிக்கொண்டால் எலுமிச்சையும் பத்தாயிரத்தைத் தொட்டுவிடும், அதையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.